குக்கீ இல்லாமல் வந்தவரை எண்ணுவது எப்படி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி ஒரு சின்ன வலைத்தளம் நடத்துகிறான். "டேய், குக்கீக்கு சம்மதமான்னு கேக்குற அந்தப் பட்டை எனக்கு வேணாம். ஆனா தினம் எத்தனை பேர் வர்றாங்க, வந்தவங்க எத்தனை பக்கம் படிக்கிறாங்கன்னு தெரியணும். குக்கீ இல்லாம முடியுமா?"

"முடியும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு இதே மாதிரி யோசிக்காமல் "முடியும்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவன் நான். அந்தக் கதையும் கீழே வருகிறது. அவனுக்காக எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

வலைக்கு ஞாபகசக்தி கிடையாது

முதலில் அடிப்படை. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது. அத்தோடு சர்வர் அந்த ஆளை மறந்துவிடும். அடுத்த நொடி அதே ஆள் இன்னொரு பக்கம் கேட்டால், அது யாரோ புதிதாக வந்த மாதிரிதான். எச்.டி.டி.பி. என்ற நெறிமுறையின் வடிவமே அப்படி. ஆவணங்களைப் படிப்பதற்கு அது போதும். கடை நடத்தப் போதாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், கூடை யாருடையது என்று சர்வருக்குத் தெரியாது.

1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கீ. சர்வர் ஒரு சின்னச் சீட்டைப் பிரவுசரிடம் கொடுக்கும். பிரவுசர் அடுத்த முறை வரும்போது அந்தச் சீட்டைக் காட்டும். பழநி அடிவாரத்தில் செருப்பு விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அதேதான். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டோக்கன் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கலாம். தூக்கியும் எறியலாம். எறிந்துவிட்டால் ஸ்டாண்டுக்காரருக்கு நீங்கள் யாரோ ஒருவர்.

குக்கீ வேண்டாம் என்றால் இந்த டோக்கனை வேறு எங்கேயாவது வைக்க வேண்டும். அல்லது டோக்கனே இல்லாமல் ஆளை அடையாளம் காண வேண்டும். இனி வரும் எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

வழி 1: லிங்கிலேயே எண்ணை ஒட்டுவது

ஒவ்வொரு பக்க முகவரியின் வாலிலும் ஒரு எண்ணை ஒட்டிவிடுவது. அந்தக் காலத்தில் பி.எச்.பி.யில் ஒரு அமைப்பை மாற்றினால் போதும், குக்கீ ஏற்காத பிரவுசர்களுக்கு எல்லா லிங்கிலும் அந்த எண் தானாக ஒட்டிக்கொள்ளும். ஜாவாவிலும் ஜெசெஷன்ஐடி என்று வால் நீண்ட முகவரிகளைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள்.

2004இல் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் முன்பதிவுத் தளம் செய்துகொண்டிருந்தோம். சில அலுவலகங்களில் குக்கீயைத் தடுத்து வைத்திருந்தார்கள், அங்கிருந்து லாகின் ஆக முடியவில்லை. "குக்கீ இல்லாம ஓடுமா?" என்று மேனேஜர் கேட்டார். "ஓடும் சார்" என்றேன். ஒரே வரி மாற்றம். அன்று சாயங்காலமே லைவ்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் வாடிக்கையாளர் போன் செய்தார். பஸ் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தன் பிரவுசரில் இருந்த முகவரியை அப்படியே காப்பி செய்து தம்பிக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறார். தம்பி க்ளிக் செய்ததும் அக்காவின் கணக்குக்குள்ளேயே போய்விட்டான். பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, முன்பு போன பயணங்கள் எல்லாம் திறந்து கிடக்கிறது. தம்பி என்பதால் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இதை யார் வேணா பார்க்கலாமா சார்? நான் தனியா பிரயாணம் பண்றவ" என்றார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை.

சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து வெளித்தளத்துக்குப் போகும்போது, "எங்கிருந்து வருகிறேன்" என்று பிரவுசர் ஒரு தகவல் அனுப்பும். ரெஃபரர் என்று பெயர். அன்றைக்கு முழு முகவரியும் அதில் போனது. எங்கள் பக்கங்களில் வெளியார் விளம்பரப் படங்கள் இருந்தன. அதாவது எங்கள் வாடிக்கையாளர்களின் டோக்கன்கள் இரண்டு வாரமாக வேறு யாருடைய சர்வரிலோ வரிசையாகப் பதிவாகிக்கொண்டிருந்தன.

2009இல் வந்த பி.எச்.பி. 5.3இலிருந்து செஷன் எண்ணைக் குக்கீயில் மட்டுமே ஏற்பது இயல்பான அமைப்பாகிவிட்டது. இன்றைய பிரவுசர்களும் வெளித்தளத்துக்குத் தளத்தின் பெயரை மட்டுமே அனுப்புகின்றன. ஆனாலும் லிங்க் என்பதே பகிர்வதற்காக இருக்கும் பொருள். அதில் அடையாளத்தை ஒட்டினால் அடையாளமும் சேர்ந்து ஊர் சுற்றும். இந்த வழி வேண்டாம்.

வழி 2: சர்வர் லாக் போதுமே

வெப் சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது: ஐ.பி. முகவரி, நேரம், கேட்ட பக்கம், ரெஃபரர், பிரவுசரின் பெயரைச் சொல்லும் யூசர் ஏஜென்ட். ஐ.பி.யையும் யூசர் ஏஜென்டையும் சேர்த்து ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வது பழைய முறை. இப்படி:

10:02 – முகவரி அ, ஆண்ட்ராய்டு குரோம் – முகப்பு
10:04 – முகவரி அ, ஆண்ட்ராய்டு குரோம் – மாப்பிள்ளைச் சம்பா
10:05 – முகவரி அ, விண்டோஸ் ஃபயர்பாக்ஸ் – முகப்பு
10:50 – முகவரி அ, ஆண்ட்ராய்டு குரோம் – தொடர்புக்கு

முதல் இரண்டு வரிகளும் ஒரு வருகை. மூன்றாவது வேறு பிரவுசர், வேறு வருகை. நான்காவது? நடுவில் 46 நிமிட இடைவெளி. இங்கேதான் "30 நிமிடம் சும்மா இருந்தால் வருகை முடிந்தது" என்ற வழக்கம் வருகிறது. ஆக மொத்தம் மூன்று வருகைகள்.

இந்த 30க்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1995இல் ஜார்ஜியா டெக்கில் கேட்லெட்ஜ், பிட்கோ என்ற இருவர் பயனர்களின் பிரவுசர் செயல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். இரண்டு செயல்களுக்கு இடையே சராசரி 9.3 நிமிடம். அதோடு ஒன்றரை மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி 25.5 நிமிடம் என்று எல்லை வைத்தார்கள். இன்று பல கருவிகளில் இயல்பாக இருப்பது 30. ஒரு நீளமான கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்து அடுத்த பக்கத்தைத் திறந்தால், கணக்கில் இரண்டு பேர்.

இந்த முறையின் பெரிய சிக்கல் வேறு. ஐ.பி.வி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். பற்றாக்குறையால் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை வைக்கின்றன. யூசர் ஏஜென்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 2023 வாக்கில் குரோம் அதையும் சுருக்கிவிட்டது. எந்த ஆண்ட்ராய்டு போனாக இருந்தாலும் குரோம் இப்போது "ஆண்ட்ராய்டு 10, கே" என்றே சொல்லும். மாடல் பெயர் இருந்த இடத்தில் அந்த ஒற்றை எழுத்துதான். எனவே ஒரு ஹாஸ்டலில் இருபது பேர் படித்தாலும் கணக்கில் ஒருவர். வீட்டு வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியவர் இரண்டு பேர். பலரைச் சேர்க்கும் பிழையும் ஒருவரைப் பிரிக்கும் பிழையும் ஒரே கணக்கில் இருக்கின்றன. போக்கு தெரிந்துகொள்ளலாம், துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது.

வழி 3: கேச்சில் ஒளித்து வைப்பது

இது கொஞ்சம் தந்திரமானது. பிரவுசர் ஒரு படத்தைச் சேமித்து வைக்கும்போது, சர்வர் அதற்கு ஈடேக் என்று ஒரு பதிப்பு அடையாளம் கொடுக்கும். அடுத்த முறை பிரவுசர் அந்த அடையாளத்தைக் காட்டி, "படம் மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு பிரவுசருக்கும் வேறு வேறு ஈடேக் கொடுத்தால்? பிரவுசர் தானாகவே ஒவ்வொரு முறையும் தன் எண்ணைக் கொண்டுவந்து ஒப்படைக்கும். அது குக்கீதான், பெயர்தான் வேறு.

2010இல் சாமி கம்கர் எவர்குக்கீ என்று ஒரு நிரலை வெளியிட்டு, பிரவுசருக்குள் இப்படி ஒளித்து வைக்கப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருப்பதைக் காட்டினார். ஒன்றை அழித்தாலும் மற்றொன்றிலிருந்து எண் உயிர்த்தெழும். அடுத்த ஆண்டே, ஹூலூ தளத்தில் கிஸ்மெட்ரிக்ஸ் என்ற அளவீட்டு நிறுவனத்தின் நிரல் ஈடேக்கை இதற்குப் பயன்படுத்துவதாக அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். குக்கீயை அழித்தவர்கள், அழித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

குரோம் 2020இலும் ஃபயர்பாக்ஸ் 2021இலும் கேச்சைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. ஒரு தளத்தில் வைத்த எண்ணை இன்னொரு தளத்தில் படிக்க முடியாது. ஒரே தளத்துக்குள் இந்தத் தந்திரம் இன்னும் வேலை செய்யும்.

வழி 4: பிரவுசரின் கைரேகை

இங்கே டோக்கனே கிடையாது. செருப்பு ஸ்டாண்டுக்காரர் உங்கள் முகம், நடை, சட்டையின் கிழிசல் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்கிற மாதிரி. திரையின் அளவு, நேர மண்டலம், மொழி, எழுத்துருக்கள், கேன்வாஸ் என்ற வரைபலகையில் ஒரு எழுத்தை வரையச் சொன்னால் உங்கள் கணினி வரையும் நுண்ணிய விதம் – எல்லாம் சேர்ந்து ஒரு கைரேகை.

இது எப்படி ஒருவரைத் தனியாகப் பிரிக்கிறது? ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைப் பாதியாகக் குறைக்கும். 33 கேள்விகள் போதும், சுமார் 859 கோடியிலிருந்து ஒருவருக்கு வந்துவிடலாம். உலக மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது. 2010இல் ஈ.எஃப்.எஃப். அமைப்பின் பீட்டர் எக்கர்ஸ்லி பனோப்டிக்ளிக் என்ற சோதனையில் 4,70,161 பிரவுசர்களைச் சேகரித்தார். அவற்றில் 83.6 சதவீதம் தனித்துவமானவை. சராசரியாக ஒரு கைரேகை 18 கேள்விகளுக்குச் சமமான தகவலைக் கசியவிட்டது.

சோதிக்க வந்தவர்களே கொஞ்சம் கணினி ஆர்வம் உள்ளவர்கள், அவர்கள் பிரவுசர்களும் விசேஷமானவை என்பதையும் சொல்லணும். 2018இல் பிரான்சில் ஒரு பொதுத் தளத்துக்கு வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளை ஆராய்ந்தபோது, தனித்துவமானவை 33.6 சதவீதம் மட்டும். மொபைலில் இன்னும் குறைவு. ஒரே மாடல் போன்கள் ஒரே மாதிரிதானே இருக்கும். அதனால் எண்ணுவதற்கும் இது அரைகுறைக் கருவிதான். மூன்றில் ஒருவரை விடாமல் பின்தொடரும், மற்ற இருவரைக் குழப்பும்.

எனக்கு இதில் பிடிக்காதது துல்லியக் குறைவு மட்டும் இல்லை. கைரேகையை அழிக்க வந்தவருக்கு ஒரு பட்டன் கிடையாது. எடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியாது. "நாங்கள் குக்கீ பயன்படுத்துவதில்லை" என்று பெருமையாக எழுதி வைத்துவிட்டு இதைச் செய்கிற தளம், குக்கீ வைக்கிற தளத்தைவிட மோசமானது. ஐரோப்பாவின் 2002ஆம் ஆண்டு மின்-அந்தரங்க நெறியிலும், 5(3)ஆம் பிரிவில் குக்கீ என்ற சொல்லே இல்லை. பயனரின் கருவியில் தகவல் வைப்பதும் அதிலிருந்து படிப்பதும் என்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றித் தப்பிக்க முடியாது.

வழி 5: தினம் மாறும் உப்பு

இப்போது பிரபலமாக இருப்பது இது. பிளாஸிபிள் போன்ற அளவீட்டுக் கருவிகள் இந்த முறையைத்தான் பயன்படுத்துகின்றன. ஐ.பி., யூசர் ஏஜென்ட், தளத்தின் பெயர் மூன்றையும் சேர்த்து ஹேஷ் என்ற ஒருவழிக் கணக்கில் போட்டு அரைத்துவிடுவது. மாவிலிருந்து அரிசி திரும்ப வராது. ஆனால் அதே அரிசியைப் போட்டால் அதே மாவு வரும். அதனால் ஒரே ஆள் பத்து பக்கம் பார்த்தால் பத்துக்கும் ஒரே ஹேஷ். ஐ.பி.யைச் சேமிக்க வேண்டியதில்லை.

வெறும் ஹேஷ் போதாது. முகவரிகள் மொத்தமே 429 கோடி என்று பார்த்தோம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஹேஷ்கள் போடும். எல்லா முகவரியையும் ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். "ஹேஷ் செய்துவிட்டோம், இனி அடையாளம் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால்தான் உப்பு. யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண்ணை அந்தக் கலவையில் சேர்க்கிறார்கள். இதற்கு உப்பு என்றே பெயர். தினமும் ஒரு புது உப்பு, பழையது அழிக்கப்படும். அழிந்த பிறகு நேற்றைய ஹேஷ் யாருடையது என்று தளத்தை நடத்துகிறவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. நேற்று வந்தவர்தான் இன்று வந்தாரா என்று சொல்ல முடியாது. ஒருவர் முப்பது நாளும் வந்தால், தினக் கணக்கைக் கூட்டும்போது முப்பது பேர். நள்ளிரவைத் தாண்டிப் படிப்பவர் இரண்டு பேர்.

என் சர்வரில் நான் பார்த்தது

நண்பனுக்கு இதைச் சொல்வதற்கு முன்னால் என் சொந்த சர்வரில் செய்து பார்த்தேன். ஒரு வாரம் அழகாக ஓடியது. உப்பு தினமும் அழிகிறது, ஹேஷ்கள் அநாமதேயம். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. எட்டாவது நாள் வேறு ஏதோ காரணத்துக்காக வெப் சர்வரின் லாக் கோப்பைத் திறந்தேன்.

எல்லாம் அங்கே இருந்தது. முழு ஐ.பி., நொடி சுத்தமாக நேரம், பார்த்த பக்கம். லாக் கோப்புகள் 14 நாள் இருக்கும்படி அமைந்திருந்தது. அதை அமைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, நிறுவும்போதே வந்தது. என் ஹேஷ் அட்டவணையிலும் நொடி சுத்தமாக நேரமும் பக்கமும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தைப் பொருத்தினால், எந்த ஹேஷ் எந்த முகவரி என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். நான் உப்பை அழித்ததெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

சர்வர் லாகில் ஐ.பி.யின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்கினேன். அட்டவணையில் நேரத்தை மணிக்கணக்காக மட்டும் வைத்தேன். மற்ற கோப்புகளையும் தேடிப் பார்த்தேன். 2004இல் போனில் கேட்ட அந்தக் கேள்வி, "இதை யார் வேணா பார்க்கலாமா சார்?", அப்போது மறுபடியும் காதில் விழுந்தது. இந்தத் தடவை கேட்பதற்கு யாரும் இல்லை, நானாகப் பார்த்ததால் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்விதான் என்ன?

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, நண்பன் உண்மையில் என்ன கேட்டான் என்று எழுதிப் பார்த்தேன். எத்தனை வருகைகள்? ஒரு வருகையில் எத்தனை பக்கங்கள்? இரண்டே கேள்வி. இதற்கு யார் வந்தார் என்பதே தேவையில்லை.

ஒரு பக்கக் கோரிக்கையின் ரெஃபரர் நம் தளமாகவே இருந்தால், அந்த ஆள் ஏற்கனவே உள்ளே இருக்கிறார். வேறு தளமாகவோ காலியாகவோ இருந்தால், வாசலில் இப்போதுதான் நுழைகிறார். நுழைவுகளை மட்டும் எண்ணினால் அது வருகைகளின் எண்ணிக்கை. ஒரு நாளில் 240 பக்கங்கள் பார்க்கப்பட்டு அதில் 80 நுழைவுகள் என்றால், வருகைக்குச் சராசரி 3 பக்கம். ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். ஐ.பி. வேண்டாம், ஹேஷ் வேண்டாம், உப்பும் வேண்டாம். சேமிப்பது தேதி, பக்கம், இரண்டு எண்கள்.

குறைகள் இதிலும் உண்டு. நுழைந்த பக்கத்தையே ரீலோட் செய்தால் மறுபடி நுழைவாகும். பக்கத்தில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட்டால் ரீலோட் என்று கண்டுபிடித்து அதைத் தவிர்க்கலாம். ரெஃபரரை முழுவதுமாக மறைக்கும் பிரவுசர்களில் ஒவ்வொரு பக்கமும் நுழைவாகத் தெரியும். ஒரு நெல் தளத்துக்கு இந்தத் துல்லியம் போதும். லாகினோ கூடையோ வேண்டும் என்றால், தயங்காமல் குக்கீயே வையுங்கள். வந்தவர் பார்க்கக்கூடிய, அழிக்கக்கூடிய ஒரே டோக்கன் இன்னும் அதுதான்.

போன வாரம் அவனிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் யோசித்தான். "அப்போ, திரும்பி வர்றவங்க எத்தனை பேருன்னு தெரியாது, இல்லையா?"

"தெரியாதுடா."

"பரவாயில்ல. திரும்பி வர்றவங்க விதை கேட்டு எழுதுவாங்க. பேரும் ஊரும் அவங்களே போடுவாங்க" என்றான்.